நான்காவது கேள்வி

மூன்றாவது மாடி வராந்தாவில் ஆயிரம் வாலா வெடித்தது.

தரமணியில் இருக்கும் ஒரு நரம்பியல் ஆய்வு நிலையத்தின் மூன்றாவது மாடியில், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சரவெடி வெடிக்க எந்த நியாயமும் கிடையாது. அதனால் டாக்டர் மங்கையர்க்கரசி, பக்கத்து அறையில் எரிவாயு உருளைதான் வெடிக்கிறது என்று முடிவு செய்து, கையில் இருந்த காபி டம்ளரோடு மேஜைக்கு அடியில் புகுந்தாள். தீயணைப்பு மணி அலற ஆரம்பித்தது. காவலாளி சிவப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடிவரும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. புகைக்கு நடுவே வழுக்கைத் தலையும் கையில் தீப்பெட்டியுமாக வந்து நின்றவர் பேராசிரியர் சுகவனம். அறுபத்திரண்டு வயது. புள்ளியியல் நிபுணர். வாழ்க்கையில் ஒரு கொசுவத்தியைக்கூடத் தானாகக் கொளுத்தியிராத மனிதர்.

"வெளிய வாம்மா மங்கை. விட்டுட்டாங்க."

"யாரை சார்?"

"யாரையா? பதினாறு மாசமா நீ யாரைப் பத்திப் பேசி எங்க உயிரை வாங்கின? அந்த ஆளைத்தான். ஜெயசீலனை. வியாழக்கிழமை மத்தியானம் மீனம்பாக்கத்துல வந்து இறங்கறான்."

மங்கை மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று கால்களுக்குத் தெரியவில்லை. காபி முழுக்கப் புடவையில் கொட்டியிருந்ததும் தெரியவில்லை. காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து, "தீ எங்க சார்?" என்றான். "தீ இல்லைப்பா, தீபாவளி" என்றார் சுகவனம்.

டாக்டர் ஜெயசீலன் தாவீது தூத்துக்குடிக்காரர். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பு மனிதனின் காலை என்ன செய்யும், மண்ணை என்ன செய்யும் என்று சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, பிற்பாடு மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் படிக்கப் போனார். உப்புப் பூத்துப் பாழாய்ப்போன நிலத்தில் விட்டால், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று நிலத்தை மறுபடி விளைய வைக்கும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தன்னைவிட மூத்த சுகவனம் மட்டும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மங்கைக்கு அவர் ஆறு வயது மூத்தவர். பக்கத்துப் பக்கத்து அறைகளில் பதினொரு வருடம் வேலை செய்தவர்கள். ஒருவர் டிபன் பாக்ஸை மற்றவர் கேட்காமலே திறப்பார்கள்.

வெர்தானியா என்ற நாடு அவரைக் கூப்பிட்டது. அங்கே உப்புப் பாலைவனம் மட்டுமே நம் மாநிலத்தில் பாதி அளவுக்கு இருந்தது. போனார். இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தார். முதல் வயல் சோதனை வெற்றி. இரண்டாவதும் வெற்றி. மூன்றாவது சோதனை முடிந்த மறுநாள் குறிப்பேடுகளை எரித்தார். மங்கைக்கு ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்: 'மூணாவது சோதனையோட நிறுத்திட்டேன். ஏன்னு கேக்காத.' அதற்கு அடுத்த வாரம் உளவாளி என்று கைது செய்யப்பட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை.

ஆய்வு நிலையத்தின் கேன்டீனில் ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். சிறைப்பட்ட அறிவியலாளர் உரிமைக் குழு என்று பெயர். ஏழு பேர் எழுநூறு ஆனார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்தார்கள். வெர்தானியாவில் நடக்கும் மாநாடுகளுக்குப் போக மாட்டோம் என்று பெரிய பெரிய பெயர்களெல்லாம் கையெழுத்துப் போட்டன. வெர்தானியா பதிலுக்கு ஒரு வீடியோ வெளியிட்டது. ஜெயசீலன் சிரித்த முகமாக, 'நான் நலமாக இருக்கிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம்' என்று சுத்தமான செந்தமிழில் சொன்னார்.

அவர் மனைவி ஸ்டெல்லா, தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்த வீடியோவை ஒரே ஒரு முறை பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் இல்லை இது. 'நலமாக'ன்னு ஒரு வார்த்தையை அவர் வாயில நான் கேட்டதே இல்லை" என்றாள்.

கணினியில் செய்த முகம், கணினியில் செய்த குரல். ஆளே உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. அப்போதுதான் மங்கை அந்த யோசனையைச் சொன்னாள்.

அவளுடைய தொழில் பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைப் பேச வைப்பது. நெற்றியைச் சுற்றிக் கட்டும் ஒரு ரப்பர் பட்டை. உள்ளே நூற்று இருபது சின்னச் சின்ன உணரிகள். மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தையை நினைத்தால் அது திரையில் எழுத்தாக வரும். எட்டு வருட உழைப்பு. அந்தப் பட்டைக்கான மென்பொருளை அவள் யாருக்கும் விற்கவில்லை. ஏழை ஆஸ்பத்திரிகளுக்கும் போகட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தாள்.

"முகத்தைச் செய்யலாம் சார், குரலைச் செய்யலாம்" என்றாள் குழுக் கூட்டத்தில். "நினைப்பைச் செய்ய முடியாது. அண்ணாச்சிக்குப் பட்டையை மாட்டச் சொல்லுவோம். நாம கேள்வி கேப்போம். அவர் நினைக்கிறதை இங்க நேரடியாப் படிப்போம்."

"பக்கத்துல நின்னுட்டு, இப்படித்தான் நினைக்கணும்னு மிரட்டினா?" என்றார் சுகவனம்.

"மிரட்டினா பட்டை வேலையே செய்யாது. மாட்டிக்கிறவங்க முதல்ல அரை மணி நேரம் நாம குடுக்கிற வார்த்தைகளை ஒவ்வொண்ணா மனசார நினைக்கணும். அதை வெச்சுத்தான் பட்டை அவங்க மூளையைப் படிக்கப் பழகும். வேணும்னே எதையாவது தாறுமாறா நினைச்சாங்கன்னா திரையில கஞ்சி மாதிரிதான் வரும்."

"அப்ப எதிரி மாட்டிவிட்டா பிரயோஜனம் இல்லை."

"இல்லை சார். நம்புறவங்க மாட்டிவிட்டாத்தான் அது பட்டை. மத்தபடி வெறும் ரப்பர்."

"சரி, மனசுல வர்றது எல்லாமே திரையில கொட்டுமா? எனக்கு மாட்டினா என் சம்சாரம் என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாளே."

கூட்டம் சிரித்தது. "கொட்டாது சார். நோயாளி சொல்லணும்னு நினைக்கிற வார்த்தையை முடிச்சிட்டு ரெண்டு தடவை கண்ணை மூடித் திறப்பார். அதை மட்டும்தான் திரை காட்டும். நடுவுல ஓடுற நினைப்பையெல்லாம் மென்பொருளே தூக்கிப் போட்டுடும். அது அவங்க சொந்த விஷயம்."

வெர்தானியா ஒப்புக்கொள்ளாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றே வாரத்தில் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. பட்டையிலிருந்து வரும் பதிவு முழுவதையும், எந்தத் திருத்தமும் செய்யாமல் தங்களுக்கும் ஒரு பிரதி தர வேண்டும். பின்னால் யாரும் யாரையும் ஏமாற்றியதாகப் பேச்சு வரக் கூடாது அல்லவா.

சுகவனத்துக்கு வெர்தானியா மீது முதல் முறையாக மரியாதை வந்தது. "மூலத் தரவைக் கேக்கறான்யா. நியாயமான கேள்வி. கேக்கறவனுக்கு முழுத் தரவையும் குடுக்கணும். அதானே நம்ம தொழில் தர்மம்" என்றார். நாற்பது வருடமாக மற்றவர்களிடம் அவர் கேட்டு வாங்கியதும், வாங்க முடியாமல் சண்டை போட்டதும் அதைத்தான். மங்கையும் இரண்டாவது முறை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

நடுநிலை நாட்டு மருத்துவர் ஒருவர் பட்டையைச் சிறைக்குள் எடுத்துப் போனார். கூடவே மங்கை கைப்பட எழுதிய சின்னக் கடிதம்.

நான்கு கேள்விகள். உங்கள் பெயர் என்ன. உங்களை அடித்தார்களா. மருந்து தருகிறார்களா. இந்த மூன்றும் எல்லோரும் கேட்பது. நான்காவதைத்தான் மங்கை இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து எழுதினாள். பட்டையை மாட்டியிருப்பது வேறு ஆளாக இருந்தால்? ஜெயசீலன் எழுதிய கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம். ஒரு விஞ்ஞானி செய்து முடித்த வேலை உலகத்துக்கே தெரியும். அவன் பாதியில் நிறுத்திய வேலை அவனுக்கு மட்டும்தான் தெரியும். எனவே நான்காவது கேள்வி: மூன்றாவது சோதனையில் என்ன நடந்தது?

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை, ஆய்வு நிலையத்தின் பெரிய திரையில் எழுத்துகள் வந்தன.

ஜெயசீலன் தாவீது.

அடித்தார்கள்.

சர்க்கரைக்கு மட்டும்.

நான்காவது கேள்விக்கு நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு வந்தது: சொல்ல மாட்டேன்.

கூடம் கைதட்டிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் அழுதார்கள். "அவனேதான்" என்றார் சுகவனம் மூக்கைச் சிந்திக்கொண்டு. "உலகத்துல வேற எவனுக்கு இந்தப் பிடிவாதம் வரும்?" ஸ்டெல்லா திரைக்குப் பக்கத்தில் போய் அந்த இரண்டு வார்த்தைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அடித்தார்கள் என்ற ஒற்றைச் சொல் மறுநாள் உலகத்துப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. ஐம்பத்தெட்டாவது நாள் விடுதலை.

இந்த வெற்றிக்கு இன்னொரு பலனும் இருந்தது. அதே சிறையில் ஆறு நாடுகளைச் சேர்ந்த பதினோரு விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களும் சகாக்களும் தங்கள் ஆட்களுக்கும் இதே முறையில் பேச வாய்ப்பு வேண்டும் என்று கேட்டார்கள். ஜெயசீலன் விடுதலையை அறிவித்த கையோடு வெர்தானியா அதற்கும் சரி என்றது. பதினோரு பட்டைகள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. பதினோரு பேருக்கும் அவரவர் நாட்டுச் சகாக்கள், மங்கையின் மாதிரியைப் பார்த்து, நான்கு நான்கு கேள்விகள் தயாரித்திருந்தார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பதினோரு அறைகளில் ஒரே நேரத்தில். தரமணியில் இருந்து சுகவனம் நடத்துவதாக ஏற்பாடு.

"நீ போய் ஜெயசீலனைக் கூட்டிட்டு வா. அஞ்சு மணிக்குள்ள வந்தா அவனையும் உக்கார வெச்சுக் காட்டலாம்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு விமானம் இறங்கியது. வெளியே கத்திரி வெயில். வருகைக் கூடத்தில் ஸ்டெல்லா, கையில் ரோஜா மாலை வாடிவிடாமல் இருக்க ஈரக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். மங்கை பக்கத்தில் நின்றாள். எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் இருவருக்குமே அடையாளம் தெரியவில்லை. தோளில் தொங்கிய சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. ஸ்டெல்லா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளுடைய முகத்தைத் தடவினார். "இளைச்சுப் போயிட்டியே" என்றார், தான் ஏதோ குண்டாக இருப்பதுபோல. மாலையை அவள் உயர்த்தினாள். அவர் தலையைக் குனியவில்லை. அவருடைய கண் அவளைத் தாண்டித் தொலைக்காட்சிக்குப் போயிருந்தது.

திரையில் பரந்த வயல்வெளி. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. வெள்ளைக்கு நடுவே கருகிய கோதுமைத் தாள்கள். ஒரு கிழவர் வயலின் நடுவே நின்று எதையோ கையில் அள்ளிக் காட்டினார். அடியில் எழுத்து ஓடியது: கெரூன் பள்ளத்தாக்கில் கோடையில் பனிப்பொழிவு, விளைச்சல் நாசம், வானிலை நிபுணர்கள் திகைப்பு.

கெரூன், வெர்தானியாவின் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடு.

"இது எப்பலருந்து?" என்றார் ஜெயசீலன்.

"எது அண்ணாச்சி?"

"அந்த வெள்ளை."

"நாலஞ்சு நாளா காட்டுறாங்க. ஏதோ பனியாம். இந்த வெயில்ல உலகத்துல எங்கயோ பனி பெய்யுதுன்னு நாங்க பொறாமைப்பட்டுட்டு இருக்கோம்."

"மங்க, காருக்குப் போவோம்" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. "எங்கயும் போவண்டாம். வண்டியில உக்காந்தாப் போதும்."

கார் நிறுத்துமிடத்தில் மங்கை வண்டியைக் கிளப்பி ஏ.சி.யை மட்டும் போட்டாள். முன்னால் அவர். பின்னால் ஸ்டெல்லா, மடியில் மாலையோடு. அவர் மங்கையின் பக்கம் திரும்பினார்.

"நாலாவது கேள்விய யாரு எழுதுனது?"

"நான்தான்" என்றாள் மங்கை. இத்தனைக்கும் நடுவே குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "நீங்கதான்னு நிச்சயமாத் தெரியணும்ல அண்ணாச்சி. அந்தப் பதிலைப் பாத்து கூடமே சிரிச்சுது."

"என்ன பதில் சொன்னேன்?"

"சொல்ல மாட்டேன்னீங்க."

"எத?"

மங்கை விழித்தாள்.

"எதச் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சாத்தான மங்க, சொல்ல மாட்டேன்னு சொல்ல முடியும்? ஒரு கேள்வியக் கேட்டா பதிலு மொதல்ல மனசுல வந்து நின்னுரும். பொறவுதான் நாம அத வேண்டாம்னு மூடுவோம். நீ கேட்ட ஒடனே மூணாவது சோதனை முழுசும், ஆதியோட அந்தமா, என் மனசுல ஓடிட்டு. ஒரு நிமிசம். எவ்வளவு அழுத்தியும் நிறுத்த முடியல. எல்லாம் ஓடி முடிஞ்ச பொறவு, சொல்ல மாட்டேன்னு நினைச்சிக் கண்ண மூடித் தொறந்தேன்."

"அதெல்லாம் வராது அண்ணாச்சி. நடுவுல வர்றதை மென்பொருள் தூக்கிப் போட்டுடும். எங்க திரையில வரவே இல்லை."

"ஒங்க திரையில வரல. பதிவுல?"

மங்கை எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். திருத்தம் செய்யாத முழுப் பதிவு. அதற்குள்ளேயே பட்டையைப் பழக்கிய அந்த அரை மணி நேரமும் இருக்கிறது. பூட்டும் சாவியும் ஒரே பெட்டியில். தூக்கிப் போடும் வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் போதும், எல்லாம் எழுத்தாக வரும். அந்த மென்பொருளை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தவள் அவள்.

"அவங்க இதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தாள். "அவங்க வேற எப்படியும் தெரிஞ்சுக்கிட்டிருக்க முடியாதா?"

"பதினாலு மாசம் பாத்தானுவ. அடிச்சானுவ. ஊசி போட்டானுவ. ஒன் பட்டை மாதிரியே ஒண்ணு செஞ்சு மாட்டியும் பாத்தானுவ. அரை மணி நேரம் வார்த்தைய நினைடான்னானுவ. நான் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல கத்துக்கிட்ட கெட்ட வார்த்தை எல்லாத்தையும் வரிசையா நினைச்சேன். பட்டை ஒரு எழுத்தும் படிக்கல." ஒரு விநாடி பழைய அண்ணாச்சியின் சிரிப்பு வந்து போனது. "பொறவு ஒரு நாளு ஒங்க பட்டை வந்துச்சு. ஒன் கையெழுத்துல கடிதம். 'அண்ணாச்சி, இது நாங்கதான். நம்பி மாட்டிக்குங்க'ன்னு. நம்பி மாட்டிக்கிட்டேன். அரை மணி நேரம் நீ குடுத்த வார்த்தைய ஒவ்வொண்ணா, ஸ்கூல் பிள்ளை மாதிரி, சுத்தமா நினைச்சேன். அந்தப் பதினாலு மாசத்துல அன்னைக்குத்தான் மங்க நான் சந்தோசமா இருந்தது."

பின்னால் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணாவது சோதனையில..." என்றாள் மங்கை. "அந்த வெள்ளை..."

"பனி இல்ல. உப்பு. உப்பத் தின்னுக்கிட்டிருந்த உசிரு தலைகீழா மாறிட்டு. பூமிக்கு அடியில கெடக்குற உப்ப மேல இழுத்துக் கொண்டாந்து போட்டுது. நல்ல வயலு நாப்பதே நாள்ல உப்பளமா ஆயிரும். ஆத்துத் தண்ணியில கலந்தா கரை நெடுக ஊரு ஊராப் போவும். அந்த உசிரு அவனுவ கையிலதான் இருந்துச்சு. எதப் போட்டா அது மாறும்ங்கிறது மட்டும்தான் தெரியாது. சாதாரணப் பொருளு. எல்லாக் கடையிலயும் கெடைக்கும்."

"என்ன பொருள்?"

ஜெயசீலன் திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"பாத்தியா. மறுபடியும் கேக்குதியே."

மங்கை இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விஞ்ஞானிக்குக் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது. கேட்ட கேள்வியை நினைக்காமல் இருக்கவும் தெரியாது. இந்த இரண்டையும் வெர்தானியாக்காரர்கள் எங்கோ உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்.

"நீங்க வெளிய வந்து இதைச் சொல்லுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டது ஸ்டெல்லா. "அப்புறம் ஏன் உங்களை விட்டாங்க?"

"அதத்தான் விமானத்துல யோசிச்சிக்கிட்டு வந்தேன். கெளம்பும்போது அந்த அதிகாரி என் கையப் பிடிச்சுக் குலுக்குனான். 'உங்க நண்பர்களுக்கு எங்க நன்றியச் சொல்லுங்க'ன்னான். கிண்டல் பண்ணுதான்னு நினைச்சேன். இப்ப அப்படித் தோணல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் செயில்ல என்னோட பதினோரு பேரு இருக்காங்க. எதுத்த அறையில ஒரு அம்மா. காலராவுக்குத் தடுப்பூசி செய்யப் போயி, பாதியில நிறுத்துனவ. ஏன் நிறுத்துனீங்கன்னு ஒரு நாளு கேட்டேன். சிரிச்சா. பக்கத்து அறைக்காரன் அணைக்கட்டு கட்டுறவன். எல்லாருமே அப்படித்தான். எதையோ கண்டுபிடிச்சு, பயந்து, போதும்னு மூடுனவங்க. அந்தச் செயிலே அதுக்குத்தான். அவங்க எவரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எவன் மாட்டுன பட்டைக்கும் மனசத் தொறக்க மாட்டாங்க. ஆனா பட்டைய மாட்டிக்கிட்ட ஒருத்தன் விடுதலையாகி வீட்டுக்குப் போறதப் பாத்தா?"

மங்கை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு" என்றாள்.

"என்ன இன்னைக்கு?"

"பதினோரு பேருக்கும். பதினோரு பட்டை. நான்தான் அனுப்பினேன்." வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "நாலாவது கேள்வி எப்படி இருக்கணும்னு நான்தான் எல்லாருக்கும் எழுதி அனுப்பினேன். பாதியில நிறுத்தின வேலையைப் பத்திக் கேளுங்கன்னு."

ஜெயசீலன் கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. நிறுத்திடலாம்" என்றாள் மங்கை. போனை எடுத்தாள். அவசரத்தில் முதல் முறை வேறு யாருக்கோ போயிற்று. துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். சுகவனத்தின் போன் வேறு அழைப்பில் இருந்தது. மறுபடி. மறுபடி. நான்காவது முறை மணி அடித்தது. ஸ்டெல்லா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மங்கை ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"என்னம்மா, வந்துட்டானா ஜெயசீலன்?" சுகவனத்தின் குரலுக்குப் பின்னால் பெரிய கூட்டத்தின் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. "குடு அவன்கிட்ட. நாலு வார்த்தை திட்டணும்."

"சார், நிகழ்ச்சியை நிறுத்துங்க. உடனே எல்லா நாட்டுக்கும் சொல்லுங்க. யாரும் நாலாவது கேள்வியைக் கேக்கக் கூடாது. தயவுசெஞ்சு காரணம் கேக்காதீங்க, அப்புறம் சொல்றேன்."

"எதை நிறுத்தறது? அவங்கதான் காலையில கூப்பிட்டு, ரெண்டு மணிக்கே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்களே. விமான நிலையத்துல இருக்கிற உன்னை ஏன் தொந்தரவு பண்ணணும்னு நானே ஆரம்பிச்சிட்டேன். இப்பத்தான் கடைசி ஆள் முடிஞ்சுது. முழுப் பதிவையும் அவங்களுக்கு அனுப்பியாச்சு."

போன் ஜெயசீலனின் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே இருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"நாலாவது கேள்விக்கு..." என்றாள் கடைசியில். "நாலாவது கேள்விக்கு என்ன சார் சொன்னாங்க?"

சுகவனம் மனம் விட்டுச் சிரித்தார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதேம்மா. எல்லாம் கெட்டியான ஆளுங்க. பதினோரு பேர்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை."